கைத்துப்பாக்கியின் விசை: மாற்றுப் பாகங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி ஒன்றை விலை கொடுத்து வாங்கியவர், அதன் குழலைப் பற்றியோ பிடியைப் பற்றியோ குறை சொல்லாமல் இருந்தாலும் இருப்பார். விசையைப் பற்றிக் குறை சொல்லாமல் இருப்பது அபூர்வம். கனமாக இருக்கிறது என்பார். மணல் புகுந்தாற்போல் நறநறக்கிறது என்பார். எந்தக் கணத்தில் வெடிக்கும் என்பது விரலுக்குப் புலப்படவில்லை என்பார். இந்தக் குறைகளையே மூலதனமாகக் கொண்டு அந்நாட்டில் ஒரு பெரும் வியாபாரம் வளர்ந்திருக்கிறது. ஏபெக்ஸ் டாக்டிகல், டிம்னி, வில்சன் காம்பாட், ஸெவ் முதலிய ஸ்தாபனங்கள், துப்பாக்கியை உற்பத்தி செய்தவர் பொருத்தி அனுப்பிய பாகங்களுக்குப் பதிலாகத் தாங்கள் செய்த விசைகளையும் சுருள்வில்களையும் நெம்புதண்டுகளையும் விற்று வருகின்றன. இப்பாகங்களால் உண்மையான பிரயோஜனம் உண்டா, உண்டென்றால் யாருக்கு, அதற்காக எதைக் கைவிட வேண்டியிருக்கிறது என்னும் கேள்விகளுக்கு, விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் காவல் துறையினரும் விளையாட்டு வீரர்களும் வழக்கறிஞர்களும் வெவ்வேறு விடைகளைக் கூறிவருகிறார்கள். அவ்விடைகளை ஒருங்கே வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

விசை என்பது தனித்து நிற்கும் உறுப்பு அன்று. ஒரு சங்கிலித் தொடரின் முதல் கண்ணி. குதிரை என்னும் அடிக்கும் உறுப்பு வெளியே தெரியும் பழைய மாதிரித் துப்பாக்கிகளில், பின்னுக்கு இழுத்து நிறுத்தப்பட்ட குதிரையை, சியர் என்று சொல்லப்படும் சிறிய தடைப்பல் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். விரல் விசையை அழுத்தும்போது அந்தப் பல் விலக, சுருள்வில்லின் வேகத்தால் குதிரை முன்னே பாய்ந்து ஊசியை அடிக்க, ஊசி தோட்டாவின் பின்புறத்திலுள்ள பிரைமரை அடிக்க, மருந்து தீப்பற்றுகிறது. இன்று பெருவழக்காகிவிட்ட கிளாக் போன்ற துப்பாக்கிகளிலோ குதிரை கிடையாது. குழலின் நேர் பின்னே ஸ்லைடு என்னும் மேற்பகுதிக்குள் மறைந்திருக்கும் ஸ்ட்ரைக்கர் என்னும் ஊசியே சுருள்வில்லின் உந்துதலால் முன்னே பாய்ந்து அடித்துவிடுகிறது. இரண்டு வகையிலும் விசைக்கு இரண்டு கடமைகள் உண்டு. சுடுகிறவன் உத்தேசித்த கணத்தில் தடையின்றி விட்டுவிட வேண்டும். உத்தேசிக்காத எந்தக் கணத்திலும், துப்பாக்கி கீழே விழுந்தாலும், உறையில் உராய்ந்தாலும், அதிர்ந்தாலும், விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் கடமையை எளிதாக்கும் ஒவ்வொரு மாற்றமும் இரண்டாவது கடமையைக் கடினமாக்கக்கூடும் என்பதே இந்த விவகாரம் முழுவதற்கும் அடிப்படை.

விசையின் கனத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதைச் சிறிது கணக்குப் போட்டாலே விளங்கிக்கொள்ளலாம். கிளாக் 17 துப்பாக்கியின் எடை, தோட்டாக்கள் இல்லாமல், முக்கால் கிலோவுக்கும் குறைவு. அதன் விசையை இழுக்க வேண்டிய பளுவோ சுமார் 5.5 ராத்தல், அதாவது 2.5 கிலோ. தன் எடையைப் போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட பளு தன்மேல் செலுத்தப்படும்போது, அந்தப் பளு நேர் பின்னோக்கிச் செல்லாமல் எள்ளளவு பக்கவாட்டில் சென்றாலும், துப்பாக்கியின் முனை நகர்ந்துவிடும். அதன் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையேயுள்ள தூரம் 16.5 சென்டிமீட்டர் அளவே ஆகையால், முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டர் தூரத்திலுள்ள இலக்கில் குண்டு 15 சென்டிமீட்டர் விலகி விழும். குறி பார்ப்பதில் தவறாதவர்கள் கூடச் சுடுவதில் தவறுவதற்கு இதுவே தலையாய காரணம். ஆகவே விசையைப் பற்றிக் குறை சொல்கிறவர்களை வெறும் ஆடம்பரப் பிரியர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

ஆனால் பளு ஒன்றே விசையின் லக்ஷணம் அன்று. விரல் விசையின் மேல் படிந்தது முதல் துப்பாக்கி வெடிக்கும் வரையில் உள்ள பயணத்தைத் தேர்ந்தவர்கள் பல பகுதிகளாகப் பிரித்து நோக்குவார்கள். முதலில் எதிர்ப்பு அதிகமின்றிச் செல்லும் தளர்ந்த முன்னசைவு; அதன் பிறகு விரல் சென்று முட்டும் தடை; அந்தத் தடையை மீறும் கணத்தில் நிகழும் விடுபடல்; விடுபட்ட பின்னும் விசை பின்னே செல்லும் மிகையசைவு; மறுமுறை சுடுவதற்காக விசை முன்னே திரும்பி வந்து கொளுவிக்கொள்ளும் மீளிடம். முன்னசைவு எவ்வளவு நீளமாயினும் ஒழுங்காக இருக்குமானால் விரல் அதற்குப் பழகிக்கொள்ளும். தடையை முட்டிய பின் விசை இழுபட்டு இழுபட்டு, நின்று நின்று நகருமானால், அதன் பளு எவ்வளவு குறைவாயினும் சுடுகிறவனுக்கு நிச்சயம் ஏற்படுவதில்லை. ஒழுங்காக விடுபடும் 5 ராத்தல் விசை, நறநறத்து நகரும் 3 ராத்தல் விசையை விட மேலானது என்னும் அபிப்பிராயம் அனுபவமுள்ள பயிற்சியாளர்களிடையே பரவலாக உண்டு. விளம்பரங்களில் பளுவின் எண்ணைப் பெரிதாக அச்சிடுவதற்குக் காரணம், அந்த எண்ணை அளந்து காட்ட முடியும், ஒழுங்கை அவ்விதம் காட்ட முடியாது என்பதே.

விசையைத் திருத்தும் கலை மாற்றுப் பாகங்களின் வியாபாரத்தைவிட மூத்தது. ஜான் மோசஸ் பிரௌனிங் வகுத்துக்கொடுத்து, 1911ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட .45 கைத்துப்பாக்கி, 1985இல் பெரெட்டா துப்பாக்கி அதன் இடத்தைப் பெறும் வரையில் அந்நாட்டுப் படைகளின் பிரதான கைத்துப்பாக்கியாக விளங்கியது. சேற்றிலும் மணலிலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத் தாராளமான இடைவெளிகளோடு செய்யப்பட்ட அத்துப்பாக்கியை, ஒஹையோ மாகாணத்துக் கேம்ப் பெர்ரி மைதானத்தில் நடக்கும் தேசியப் போட்டிகளில் 50 கஜ தூரத்து இலக்கைத் துளைக்கும் நுட்பக் கருவியாக மாற்றியவர்கள் இராணுவக் கம்மியர்கள். 1956இல் நிறுவப்பட்ட இராணுவக் குறிசுடும் பிரிவின் பட்டறையில் அவர்கள் செய்த முக்கிய வேலை, சியரின் நுனியையும் குதிரையின் கொக்கிகளையும் சாணைக்கல்லால் மிக நுட்பமாகத் தேய்த்துப் பொருத்துவது. இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் ஆழம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அந்த அரை மில்லிமீட்டரில் ஒரு மயிரிழை அதிகமாகத் தேய்த்துவிட்டால், அல்லது கடினப்படுத்திய மேற்பரப்பைக் கடந்து உள்ளிருக்கும் மெல்லிய உலோகம் வரை கல்லை ஓட்டிவிட்டால், முதலில் அருமையாகத் தோன்றும் விசை சில நூறு முறை சுட்ட பின் குதிரையைப் பிடித்து நிறுத்த முடியாமல் போய்விடும். கைத்திறனும் பொறுப்பும் ஒருவரிடமே குடிகொண்டிருந்த அக்காலத்தில், திருத்தியவர் யார் என்பதும் திருத்தத்துக்கு ஜவாப்தாரி யார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன.

இந்நிலை இரண்டு காரணங்களால் மாறியது. யந்திரங்களின் நுட்பம் பெருகியதால், கையால் தேய்த்துப் பொருத்த வேண்டியிருந்த பாகங்களைக் கணக்கான அளவில் செய்து, பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்துவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது ஒன்று. 1982இல் ஆஸ்திரிய இராணுவம் தேர்ந்தெடுத்த கிளாக் துப்பாக்கி உலகெங்கும் பரவியது மற்றொன்று. அதன் விசையமைப்பிலுள்ள பாகங்கள் மிகச் சில. இரண்டு மூன்று ஆணிகளைத் தட்டி எடுத்துவிட்டால் அடிச்சட்டத்திலுள்ளவை எல்லாம் மேஜையின்மேல் வந்துவிடும். அவற்றுள் கனெக்டர் என்னும் தகட்டுத் துண்டு, விசையோடு இணைந்த விசைத்தண்டைக் கீழே சரியச் செய்து ஸ்ட்ரைக்கரை விடுவிப்பது. அதன் சரிவுக் கோணத்தைச் சிறிது மாற்றினாலே பளு குறையவோ கூடவோ செய்யும். கிளாக் ஸ்தாபனமே வெவ்வேறு கோணமுள்ள கனெக்டர்களைச் செய்தது. இதற்குப் பின் 2005இல் வெளிவந்த ஸ்மித் அண்டு வெஸ்ஸன் எம்&பி துப்பாக்கி, பிடிக்கும் அமைப்புக்கும் பாராட்டுப் பெற்றும் விசைக்குப் பெறவில்லை; மீளிடம் விரலுக்குத் தெரியவில்லை என்பது பொதுப் புகார். அந்தப் புகாரைத் தீர்க்க முன்வந்த ஏபெக்ஸ் ஸ்தாபனத்தின் சியர்கள் பெரும் புகழடைந்தன. கம்மியரின் பட்டறையில் நடந்த காரியம் இவ்வாறு வீட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது. பொறுப்பும் கம்மியரை விட்டு வாங்கியவர் தலைமேல் வந்து சேர்ந்தது.

விற்கப்படும் பாகங்களில் மிக மலிவானவை சுருள்வில்கள். மிக எளிதாகத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறவையும் அவையே. கிளாக் துப்பாக்கியில் விசையின் சுருள்வில், விரலுக்கு எதிராக வேலை செய்யாமல் விரலோடு சேர்ந்து இழுப்பது; ஆகவே அதைக் கடினமாக்கினால் விசை இலேசாகிறது என்பதைக் கேட்டு வியப்படையாதவர் இல்லை. ஸ்ட்ரைக்கரின் சுருள்வில்லோ இதற்கு நேர்மாறு. அதை மென்மையாக்கினால் விசையின் பளு குறையும். கூடவே ஊசி பிரைமரை அடிக்கும் வலிமையும் குறையும். ஃபெடரல் பிரைமர்கள் மென்மையானவை, ஸிஸிஐ பிரைமர்கள் கடினமானவை என்று பெயர் பெற்றிருப்பதால், தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும் பந்தய வீரர் மென்மையான பிரைமரைத் தேர்ந்து சமாளித்துக்கொள்வார். கடையில் கிடைத்த தோட்டாவை நிரப்பித் தற்காப்புக்காகத் துப்பாக்கியை வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவசரமான கணத்தில் விசை அழகாக விடுபட்டு, தோட்டா வெடிக்காமல் போனால், அந்த இலேசுக்காக அவர் கொடுத்தது மிக அதிகமான விலை.

முன்னசைவைக் குறைக்கும் விசைகள் இன்னும் நுட்பமான பிரச்சினையை எழுப்புகின்றன. கிளாக் துப்பாக்கியில் வீணாகத் தோன்றும் அந்த முன்னசைவின்போதுதான் இரண்டு காவல்கள் நீங்குகின்றன. ஊசியின் வழியை அடைத்துக்கொண்டிருக்கும் சிறு முளையை விசைத்தண்டின் ஒரு நீட்சி மேலே தள்ளுகிறது. தண்டின் மற்றொரு கை, தான் சரியாதபடி தாங்கிக்கொண்டிருந்த படியிலிருந்து விலகுகிறது. திருகாணியைத் திருகி முன்னசைவைக் குறைக்கிறவர், ஓய்வு நிலையிலேயே அந்த முளையைப் பாதி தள்ளிவைத்தும், அந்தக் கையைப் படியின் ஓரத்துக்குக் கொண்டுவந்தும் விடக்கூடும். கோல்ட் ஸ்தாபனம் 1983 முதல் தன் 1911 வகைத் துப்பாக்கிகளில் ஊசியைத் தடுக்கும் காவல் ஒன்றை, விசையோடு இணைந்த சிறு நெம்புகோல்களின் மூலம் சேர்த்தபோதும் இதே தர்க்கம் எழுந்தது. விசையின் மென்மை கெட்டுவிட்டது என்று கூறி அந்நெம்புகோல்களைக் கழற்றி எறிந்தவர்கள் அநேகர். அவர்களுடைய விரலுக்குக் கிடைத்த லாபம் உண்மையே. ஆனால் விரல் உணரக்கூடியது லாபத்தை மட்டுமே. நஷ்டம் துப்பாக்கி கீழே விழும் நாள் வரையில் உணரப்படுவதில்லை.

விழும் துப்பாக்கியைப் பற்றிய தெளிவான பாடத்தைக் கற்பித்தது, மாற்றுப் பாகம் எதுவும் சேராத ஸிக் ஸாவர் பி320 துப்பாக்கி. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் ஒரு வடிவத்தை எம்17 என்ற பெயரில் அமெரிக்க இராணுவம் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பொதுமக்களுக்கு விற்கப்பட்ட துப்பாக்கி, பின்புறம் தரையில் மோதும்படி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் தானே வெடிக்கக்கூடும் என்பது வெளியாயிற்று. விசையில் காவல் இல்லாமையோ பளு குறைவோ அங்கே நேரான காரணம் அன்று. விசையின் சொந்த எடையே காரணம். துப்பாக்கி தரையில் மோதி நின்றதும், விசை மட்டும் தன் ஜடத்துவத்தால் தொடர்ந்து பின்னே சென்று, விரல் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்துவிட்டது. உற்பத்தியாளர் எடை குறைந்த விசை, சியர், ஸ்ட்ரைக்கர் ஆகியவற்றை இலவசமாகப் பொருத்திக்கொடுக்க முன்வந்தார். அங்கீகரிக்கப்பட்ட சோதனைகளில் தேறிய துப்பாக்கியிலேயே சில கிராம் உலோகம் இவ்வளவு வேற்றுமை செய்யுமானால், அழகுக்காக வேறு வடிவத்திலும் வேறு எடையிலும் வார்த்த விசையைப் பொருத்துகிறவர், முழுத் துப்பாக்கியையும் மறுபடி பரீட்சித்துப் பார்க்க வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகிறார். அந்தப் பரீட்சைக்கு வீட்டில் சாதனம் இல்லை.

அப்படியானால் கனமான விசையே பத்திரமானதா என்று கேட்டால், நியூயார்க் நகரத்தின் அனுபவம் அதையும் ஆமோதிக்கவில்லை. சுழல் துப்பாக்கிகளின் நீண்ட, கனமான இழுப்புக்குப் பழகிய காவலர்களுக்கு 1993 முதல் தானியங்கித் துப்பாக்கிகள் வழங்கப்பட்டபோது, தவறுதலாக வெடிப்பதைத் தடுக்கும் உத்தேசத்தோடு 12 ராத்தல், அதாவது சுமார் 5.4 கிலோ பளுவுள்ள விசைகள் பொருத்தப்பட்டன. குறி தவறுவதற்கு இதுவும் காரணமாகலாம் என்பதால், 2008இல் ராண்ட் ஆராய்ச்சி நிறுவனம் அந்நகரக் காவல் துறைக்கு அளித்த அறிக்கை இலேசான விசைகளைப் பரிசீலிக்கும்படி யோசனை கூறியது. 2012 ஆகஸ்டு 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் அருகே, கொலை செய்துவிட்டு வந்த ஒருவனை நோக்கி இரண்டு காவலர்கள் 16 முறை சுட்டபோது, வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் அக்குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் காயமடைந்தார்கள். விசையின் கனமே அதற்குக் காரணம் என்று நிரூபித்துவிட முடியாது. நெரிசலும் பயிற்சிக் குறைவும் கூடச் சேர்ந்திருக்கலாம். ஆயினும் 2021இல் அத்துறை புதிதாகச் சேருகிறவர்களுக்கு இலேசான விசையுள்ள துப்பாக்கிகளை அளிக்கத் தீர்மானித்தது. உத்தேசிக்காத குண்டைத் தடுப்பதற்காகக் கனத்தைக் கூட்டினால், உத்தேசித்த குண்டு உத்தேசிக்காத இடத்துக்குப் போய்விடுகிறது.

உடற்கூறு அறிந்தோர் கூறுவதும் இதோடு பொருந்துகிறது. தசைகளின் இயக்கத்தை ஆராய்ந்த ரோஜர் ஈனோகா என்னும் அமெரிக்கப் பேராசிரியர், மனிதன் தன்னையறியாமல் விரலை மடக்குவதற்கு மூன்று சந்தர்ப்பங்களைச் சுட்டிக்காட்டினார்: கால் இடறிச் சமநிலை தவறுவது, திடுக்கிடுவது, ஒரு கை எதையேனும் இறுகப் பற்றும்போது மறு கையும் தானாக இறுகுவது. இத்தகைய கணத்தில் கை செலுத்தும் வலிமைக்கு முன் சாதாரண விசையின் பளு நம்பத்தக்க தடை ஆகாது. சுடத் தீர்மானிக்கும் வரையில் விரலை விசையின் வளையத்துக்கு வெளியே, சட்டத்தின்மேல் நீட்டி வைத்திருக்கும் பழக்கம் ஒன்றே உண்மையான காவல். அது கடையில் கிடைப்பதன்று.

விளையாட்டு உலகம் இந்தத் தர்க்கத்துக்குத் தன்னளவில் ஒரு தீர்வு கண்டிருக்கிறது: பளுவுக்குக் கீழ்வரம்பு வகுத்து, அதைத் தராசுக் கற்களால் சோதிப்பது. சர்வதேசக் குறிசுடும் சம்மேளனத்தின் விதிப்படி 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை 500 கிராமும், 25 மீட்டர் போட்டித் துப்பாக்கியின் விசை 1000 கிராமும் தாங்க வேண்டும். 2016 வரை ஒலிம்பிக்கில் இடம்பெற்றிருந்த 50 மீட்டர் கைத்துப்பாக்கிக்கு வரம்பே கிடையாது. அமெரிக்கப் புல்ஸ்ஐ போட்டிகளில் .45 துப்பாக்கிக்கு 3.5 ராத்தல், .22 துப்பாக்கிக்கு 2 ராத்தல் என்பது நெடுநாளைய விதி. 1976இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் தோன்றிய ஐபிஎஸ்ஸி என்னும் குறிசுடும் போட்டி அமைப்பு, சாதாரணத் துப்பாக்கிகளுக்கான பிரிவில் முதல் முறை சுடும்போது 5 ராத்தல் அல்லது ஒவ்வொரு முறையும் 3 ராத்தல் என்ற வரம்பை வைத்தது. காற்றுத் துப்பாக்கியில் பாரிஸ் ஒலிம்பிக்கின்போது மனு பாக்கர் பெற்ற பதக்கங்களால் நம் நாட்டில் பலருக்கும் இத்துறை அறிமுகமாகியிருக்கிறது. அவ்வகைப் போட்டித் துப்பாக்கிகளில் விசையின் பளுவையும் அசைவையும் மாற்றிக்கொள்ளும் திருகாணிகளை உற்பத்தியாளரே அமைத்துவிடுகிறார். சுடும் வரிசையில் நின்று, உத்தரவு வந்த பின்னரே தோட்டாவை ஏற்றி, ஒரே திசையில் சுடும் இடத்தில் இலேசான விசை அபாயம் விளைவிப்பதில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு கடைவீதிக்குப் போகிறவருடைய சந்தர்ப்பம் வேறு.

சட்டத்தின் நிலை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அமெரிக்காவில் 1972இல் இயற்றப்பட்ட நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கிகளைத் தன் எல்லையிலிருந்து விலக்கிவிட்டது. துப்பாக்கி கீழே விழும் சோதனை போன்ற நியமங்களை வகுப்பது 1926இல் தோன்றிய ஸாமி என்னும் உற்பத்தியாளர் சங்கமே. மாஸசூஸெட்ஸ் மாகாணமோ, குழந்தைகள் இழுக்க முடியாதபடி செய்யும் வழிகளில் ஒன்றாக 10 ராத்தல் விசையைக் குறிப்பிட்டு விதி செய்திருக்கிறது. தற்காப்புக்காகச் சுட்டவர் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தால், அவர் விசையை இலேசாக்கியிருந்த செய்கை அஜாக்கிரதைக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படலாம் என்று மஸாத் அயூப் என்னும் ஆசிரியர் பல்லாண்டுகளாக எச்சரித்து வந்திருக்கிறார்; அந்தப் பயம் மிகைப்படுத்தப்பட்டது என்று மறுப்பவர்களும் உண்டு. இந்தியாவிலோ இது விவாதத்துக்கே உரிய விஷயம் அன்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் ஆயுதம் என்ற வரையறைக்குள் அடக்கி, மாற்றியமைக்கவும் பழுதுபார்க்கவும் அதற்கென்று லைசென்ஸ் வேண்டும் என்று விதித்திருக்கிறது.

இவ்வளவு வாதங்களுக்கிடையே உற்பத்தியாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. வால்தர் பிபிகியூ துப்பாக்கி, பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே சிறந்த விசையுடையது என்ற புகழைப் பெற்றது; ஸ்மித் அண்டு வெஸ்ஸன் தன் எம்&பியின் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விசையையும் சீர்திருத்தியது; கிளாக் ஸ்தாபனமே மேம்பட்ட விசையொன்றைத் தனியாக விற்கத் தொடங்கியது. மாற்றுப் பாகங்களின் வியாபாரம் செய்த நன்மைகளில் இதுவே பெரிது எனலாம்: குறை என்று ஒப்புக்கொள்ளப்படாதிருந்ததை அது குறை என்று ஒப்புக்கொள்ளச் செய்தது.

முடிவாக ஆராயுமிடத்து, இவ்விஷயத்தில் பொது விடை தேடுகிறவர்களே தவறான விடைக்கு வருகிறார்கள் என்று தோன்றுகிறது. போட்டிக்கென்றே ஒதுக்கிய துப்பாக்கியில், விதியின் வரம்புக்குள், கற்றறிந்த கம்மியரின் கையால் செய்த மாற்றம் நியாயமானது. அதன் பயனை இலக்குத் தாளிலேயே காணலாம். உயிர்காப்புக்காக வைத்திருக்கும் துப்பாக்கியில், விரலுக்குத் தொல்லை தரும் நறநறப்பைப் போக்கும் அளவுக்கு உற்பத்தியாளரின் பாகங்களைக் கொண்டே திருத்திக்கொள்ளலாம். முன்னசைவைக் குறைப்பதும், காவல்களைக் கழற்றுவதும், அடியின் வலிமையைக் குறைப்பதும் கூடாது. இரண்டு சந்தர்ப்பங்களிலும், பாகத்தை வாங்குமுன் அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகிப் பார்ப்பது உத்தமம். பழகிய பின்னும் தாளில் துளைகள் ஒரே பக்கம் விலகி விழுமானால், தவறு விசையில் இருக்கிறதா விரலில் இருக்கிறதா என்பதை அனுபவமுள்ள வேறொருவர் அதே துப்பாக்கியால் சுட்டுக் காட்டிவிடுவார். விரலில் என்று தெரியவந்தால் செலவு மிச்சம். விசையில் என்று தெரியவந்தால், எந்தப் பாகத்தை எதற்காக மாற்றுகிறோம் என்பதாவது தெளிவாகும்.